திலக் ரோட்டில் கம்ப்யூட்டர் வாங்கிய நாள்

“வாயை மூடிட்டுச் சும்மா உக்காருங்க. எனக்கு முடியல.”

ஒரு கம்ப்யூட்டர் கடையில் நின்றுகொண்டு என் கணவரிடம் இப்படிச் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். அங்கே எங்களைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்த கடைக்கார அம்மாள் கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

டேனியல் என்னைப் பார்க்கவில்லை. இடது கையால் மேஜை விளிம்பைப் பிடித்து எழுந்தார். வலது காலை இழுத்து இழுத்து நடந்து, கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே போனார். மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்தார்.

பேச முடியாத மனிதரிடம் வாயை மூடச் சொல்லியிருக்கிறேன் என்பது அவருடைய முதுகைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

மிச்சம் இருந்த சொல்

சென்ற வாரப் பகுதியில், ஆஸ்பத்திரியிலிருந்து அவரை கோர்படியில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தது வரை எழுதியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு திரும்பியது, வலது கை பாதி திரும்பியது, பேச்சு திரும்பவில்லை.

ஒரே ஒரு சொல் மட்டும் அவரிடம் தங்கியது. “ரெண்டு.”

டீ வேணுமா என்றால் ரெண்டு. ஃபேனைக் குறைக்கவா என்றால் ரெண்டு. பக்கத்து பிளாக்கிலிருந்து யாராவது பார்க்க வந்து, எப்படி இருக்கீங்க என்று கேட்டால், சிரிக்க முயன்று, “ரெண்டு, ரெண்டு” என்பார். வந்தவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு ரெண்டுக்கும் ஓடினேன். ரெண்டு தலையணை கொண்டுவந்து வைத்தேன். ரெண்டு போர்வை எடுத்து வந்தேன். அவர் தலையை ஆட்டுவார். அது ஆமாவா, இல்லையா என்றுகூடத் தெரியாது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் நல்ல பெண். “சிலருக்கு இப்படி ஒரு சொல் ஒட்டிக்கொள்ளும். அதில் அர்த்தம் தேடி உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள்” என்று சொன்னார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். எனக்கு அது விடுதலை மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அவர் ரெண்டு என்றால் “சரிங்க” என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் பழகிவிட்டேன்.

எழுத்தும் போய்விட்டது. இடது கையில் பேனாவைக் கொடுத்தால் கோடு வரும், கட்டம் வரும், படம் வரும். ஓர் எழுத்து வராது.

“என்ன வேலைக்கு?”

டேனியல் ஒரு தொழிற்சாலையில் மின்னணுக் கருவிகள் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தவர். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ஒரு ஸ்க்ரூடிரைவர். எங்கள் பக்கத்தில் யார் கம்ப்யூட்டர் வாங்க நினைத்தாலும் விளம்பரத் தாளோடு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

அவர் முதலில் கேட்பது ஒரே கேள்வி. “என்ன வேலைக்கு?”

“எல்லாத்துக்கும்தான் டேனியல்.”

“எல்லாத்துக்கும்னு ஒண்ணு கிடையாது. பையன் படிக்கவா, நீங்க சினிமா பாக்கவா, கணக்குப் போடவா? அதைச் சொல்லுங்க.”

பிறகு பேச ஆரம்பித்தால் நிற்க மாட்டார். சாதாரண வீட்டு வேலைக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், பிராசசரிலேயே இருப்பது போதும். பழைய சுழலும் டிஸ்க் வேண்டாம், எஸ்.எஸ்.டி. போடுங்கள், சுவிட்சைத் தட்டினால் எழுந்துவிடும். கண்ணுக்கு நல்ல மானிட்டர். அப்புறம் பவர் சப்ளை. அதைச் சொல்லும்போது குரல் ஏறும். “வெளியே தெரியாத சாமான்லதான் எல்லாரும் மிச்சம் பிடிப்பாங்க. அது போச்சுன்னா, தன்னோட இன்னும் நாலையும் இழுத்துட்டுப் போகும்.”

நான் உள்ளே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பேன். ரேடியோ ஓடுவதுபோல அது காதில் விழும். நான் கன்டோன்மென்ட் பள்ளி ஒன்றின் ஆபீசில் முப்பது வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் தெரிந்துகொள்ளத் தோன்றியதில்லை. வீட்டில்தான் அதைத் தெரிந்த ஆள் இருக்கிறாரே.

நான்கு நாள் படங்கள்

வீட்டில் இருந்த கம்ப்யூட்டர் அவரே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது. அவர் விழுந்த பிறகு அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தேன். தினமும் பேச்சுப் பயிற்சி செய்யப் பெரிய திரை வேண்டும், போனில் படங்கள் சிறியதாக இருக்கின்றன என்று தெரபிஸ்ட் சொன்னதும், துண்டை எடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். மூன்று தடவை பீப் அடித்துவிட்டு நின்றது.

“ரெண்டு” என்றார் பின்னால் உட்கார்ந்திருந்தவர்.

“ரெண்டு இல்லங்க. மூணு.”

கனடாவில் இருக்கும் எங்கள் மகள் ஷீபாவிடம் வீடியோவில் சொன்னேன். அவள் தமிழ் இப்போது இந்தி கலந்து நொண்டி நொண்டித்தான் வரும்.

“மம்மி, நேரா ஒரு லேப்டாப் எடுத்துக்கோ. நானே ஆர்டர் போடுறேன். ஏன் இந்த ஜஞ்ஜட்?”

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஜஞ்ஜட் என்றால் தொல்லை; இன்னொன்றைத் தூக்கிச் சுமக்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் பக்கத்திலிருந்த டேனியல் போனை என் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தார். வேண்டாம் என்று அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

அன்று மாலையே பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தார். நான்கு நாள் வரைந்தார். மானிட்டர் புரிந்தது. மௌஸ் புரிந்தது, கீபோர்டின் இடது பக்கம் அதை வரைந்திருந்தார். விசிறி புரிந்தது. ஒரு படம் மட்டும் புரியவில்லை. பெரிய கட்டம், அதற்குள் ஓர் ஓரமாக நான்கு நெடுங்கோடுகள். இரண்டாவது கோட்டையும் நான்காவது கோட்டையும் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கியிருந்தார். தாள் கிழியும் அளவுக்கு.

“ஜன்னல் கம்பியா?” என்று கேட்டேன்.

நெற்றியில் அடித்துக்கொண்டார். மறுநாள் அதையே மறுபடி வரைந்தார்.

ஐந்தாம் நாள் காலை நான் குளித்துவிட்டு வந்தபோது, ஷூ மாட்டிக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் அந்தத் தாள். வலது கால் ஷூவைத் தானே எப்படி மாட்டினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் இல்லாமல் அவர் அதைச் செய்தது அதுதான் முதல் தடவை.

பத்தொன்பது படிகள்

திலக் ரோட்டில் ஆட்டோ நின்றது. கடை முதல் மாடியில், லிப்ட் கிடையாது. பத்தொன்பது படிகள். ஒவ்வொரு படியிலும் இடது கால், பிறகு வலது கால், பிறகு மூச்சு. பின்னால் வந்தவர்கள் பொறுமையாக நின்றார்கள். அது எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

கடையை நடத்துபவர் வைஷாலி என்ற மராத்தி அம்மாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் மேஜைக்கு அருகில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டார்.

“என்ன வேலைக்கு?” என்று இந்தியில் கேட்டார்.

“எல்லாத்துக்கும்” என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

டேனியல் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். வாய் ஒரு பக்கமாகத்தான் போனது, ஆனால் சத்தமாகச் சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. வைஷாலிக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. மகளோடு வீடியோவில் பேச, பேச்சுப் பயிற்சிக்கு, ஜெபக்கூட்டப் பாட்டுக் கேட்க, பென்ஷன் வேலைகளுக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. உள்ளே வண்ண விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டி ஒன்று மேஜையில் இருந்தது. டேனியல் அதை ஒரு விரலால் நகர்த்திவைத்தார். தூசி வடிகட்டியைக் கழற்றிக் கழுவக்கூடிய சாதாரணக் கறுப்புப் பெட்டியைக் காட்டினார். பெட்டியோடு வரும் பவர் சப்ளையே போதும் என்று நான் சொன்னபோது, பலமாகத் தலையாட்டி மறுத்தார். பீன்ஸ் நறுக்கும்போது காதில் விழுந்தது எனக்கே ஞாபகம் வந்தது. “வேற நல்லதா கொடுங்க” என்றேன்.

பெரிய மானிட்டரைப் போட்டுக் காட்டும்படி டேனியல் சைகை செய்தார். எழுந்து நின்று, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். வேறு ஒன்றைக் கைகாட்டினார். மறுபடி முதல் மானிட்டர். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். நான் அன்று விடியுமுன் எழுந்தவள். அவரைக் குளிப்பாட்டி, கை கால் பயிற்சி செய்யவைத்து, சமைத்து, படியேற்றிக் கூட்டி வந்திருந்தேன். இடுப்பு விட்டுப்போயிருந்தது. அவருக்கு மட்டும் நாற்காலி இருந்தது.

“ரேம் பதினாறு ஜிபி போதும்” என்றார் வைஷாலி. “ஒரே ஸ்டிக்கா இருக்கு. போட்டுடட்டுமா?”

“ரெண்டு” என்றார் டேனியல்.

“சரி, போடுங்க” என்றேன் நான் வைஷாலியிடம்.

“ரெண்டு.”

“காகா என்ன சொல்றார்?” என்று வைஷாலி என்னிடம் கேட்டார். பெரியவர்களை மராத்தியில் காகா என்பார்கள்.

“ஒண்ணுமில்ல. எல்லாத்துக்கும் இதைத்தான் சொல்வார். ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து இப்படித்தான். நீங்க அதைக் கண்டுக்காதீங்க.”

இந்தியில் சொன்னேன். டேனியலுக்கு இந்தி என்னைவிட நன்றாகப் புரியும். அவர் அங்கே இல்லாததுபோல, ஒரு பழுதான சாமானைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து மேஜையில் போட்டார். அதன்மேல் விரலால் தட்டினார். “ரெண்டு. ரெண்டு. ரெண்டு.” ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சத்தமாக. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அப்போதுதான் அதைச் சொன்னேன்.

வைஷாலி படித்த படம்

கதவு மூடிக்கொண்டது. நான் அங்கேயே நின்றேன். அவர் பின்னால் போக வேண்டும் என்று தெரிந்தது. காலை எடுத்துவைக்க முடியவில்லை. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், யாரையும் தாங்கிப் பிடிக்காமல் நிற்க வேண்டும்போல இருந்தது.

வைஷாலி மேஜையிலிருந்த தாளை எடுத்தார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

“தாயி, காகா சொன்ன அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?”

மராத்தியில் அக்காவைத்தான் தாயி என்பார்கள். “தோ” என்று இந்தியில் சொன்னேன்.

“இரண்டா?”

“ஆமா.”

அவர் தாளை என் பக்கம் திருப்பினார். பிரித்துவைத்திருந்த மதர்போர்டையும் அதன் பக்கத்தில் நகர்த்தினார். பச்சை கலந்த கறுப்புப் பலகை. ஓர் ஓரமாக நான்கு நீளமான பள்ளங்கள்.

“ரேம் செருகுற இடம் இது. நாலு இருக்கு. இரண்டு ஸ்டிக் போடுறதா இருந்தா அடுத்தடுத்துப் போடக் கூடாது. இரண்டாவதிலயும் நாலாவதிலயும் போடணும்.” தாளில் கறுப்பாக்கிய கோடுகளைத் தொட்டுக் காட்டினார். “இதோ, இரண்டு, நாலு.”

நான் பலகையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“நீங்க தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கல. திரையில தெரியுற படத்துக்கும் இந்த ரேம்தான் உழைக்கணும். பதினாறு ஒண்ணு போடுறதைவிட எட்டு எட்டா இரண்டு போட்டா வேகமா ஓடும். கைவசம் இருந்ததை நான் சொன்னேன். அதுலயும் தப்பில்ல, ஆனா காகா சொல்றதுதான் பரோபர்.”

பரோபர் என்றால் மிகச் சரி. அந்த ஒரு சொல்லை அவர் மராத்தியில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

டேனியல் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தேன். அதற்கு இரண்டு வாரம் முன்பு நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. நான் காய்கறி வாங்கக் கிளம்பும்போது அடுக்களைப் பக்கம் பார்த்து ரெண்டு, ரெண்டு என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது இரண்டாவது அடுப்பு சிறியதாக எரிந்துகொண்டிருந்தது, மேலே ஒன்றும் இல்லாமல். அவர் எழுந்துபோய் அதன் முன்னால் இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். குமிழைத் திருக வலது கை வராமல். நான் அவரைத்தான் கோபித்தேன், ஏன் எழுந்தீர்கள் என்று.

அது அர்த்தமுள்ள ரெண்டா, ஒட்டிக்கொண்ட ரெண்டா, எனக்குத் தெரியாது. இன்னும் எத்தனை அப்படிப் போயிருக்கும் என்பதும் தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை.

மேல்படியில்

வெளியே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே தெருவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

“ரெண்டு ரேம்தானே சொன்னீங்க?”

அவர் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. மன்னிப்பு என்ற சொல் என் வாயில் வரவில்லை. வந்திருந்தாலும் அந்த இடத்தில் அது போதாது.

வைஷாலிதான் கதவைத் திறந்துகொண்டு வந்தார். பக்கத்துக் கடையிலிருந்து யாரையோ விட்டு வாங்கிவந்த இரண்டு சிறிய பாக்கெட்டுகள் அவர் கையில் இருந்தன. என்னிடம் கொடுக்கவில்லை. குனிந்து டேனியலின் இடது உள்ளங்கையில் வைத்தார்.

“காகா, இதுதானே?”

டேனியல் ஒரு பாக்கெட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு, மற்றதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு அதை வைத்துவிட்டு முதலாவதைத் தூக்கிப் பார்த்தார். எழுத்து அவருக்கு இப்போது படிக்க வராது. இரண்டிலும் ஒரே வடிவங்கள் இருக்கின்றனவா என்று கோடு கோடாக ஒப்பிட்டார் என்று நினைக்கிறேன். நாங்கள் இருவரும் காத்திருந்தோம். கடைசியில் தலையை ஒரே ஒரு தடவை மேலும் கீழும் ஆட்டினார். கம்பியைப் பிடித்து எழுந்து உள்ளே போனார். எழும்போது நான் கையை நீட்டினேன். அவர் அதைப் பிடிக்கவில்லை.

உள்ளே வைஷாலி பிராசசரைப் பொருத்தினார், எஸ்.எஸ்.டி.யைச் செருகினார். ரேமின் முறை வந்ததும் பலகையை டேனியல் பக்கம் தள்ளிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். வலது கை விரல்களால் ஒரு முனையைச் சும்மா தொட்டு நிறுத்தி, இடது கட்டைவிரலால் அவர் அழுத்தினார். வழுக்கியது. மறுபடி வைத்தார், மறுபடி வழுக்கியது. காத்திருந்த ஒரு வாடிக்கையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் உதவக் கையெடுத்தபோது, வைஷாலி கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

‘டிக்’ என்று ஒரு சத்தம். பிறகு மறுமுனையில் இன்னொன்று. இரண்டாவது ஸ்டிக்குக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை.

வயர்களைச் சேர்த்து சுவிட்சைப் போட்டார்கள். ஒரே ஒரு பீப். திரையில் வெளிச்சம் வந்தது. டேனியல் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். வேலை முடிந்து வீட்டுக்கு வரும் நாட்களில் இருந்த களைப்பு அவர் முகத்தில் தெரிந்தது. நோயாளியின் களைப்பு வேறு மாதிரி இருக்கும். எனக்கு இரண்டும் தெரியும்.

சனிக்கிழமை மதியம்

கம்ப்யூட்டர் வந்ததால் பேச்சு வந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. ஷீபா கனடாவிலிருந்து பயிற்சிக்குக் குரல் பதிவு செய்து அனுப்பினாள். படங்களுக்கான தமிழ்ச் சொற்களை என்னிடம் கேட்டு, ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு படித்தாள். நாற்காலியை நாலு தடவை தப்பாகச் சொல்லிவிட்டு ஐந்தாவது தடவை சரியாகச் சொன்னாள். அந்த நாலையும் அழிக்காமல் அனுப்பிவிட்டாள். டேனியலுக்கு அந்தப் பகுதிதான் பிடித்தம்.

படியில் என் கையைப் பிடிக்காதவர், வீட்டில் வழக்கம்போலவே இருந்தார். நான்தான் வழக்கம்போல இல்லை. ஒவ்வொரு ரெண்டுக்கும் மறுபடி நிற்க ஆரம்பித்தேன். எதைக் காட்டுகிறார், எங்கே பார்க்கிறார் என்று கவனித்தேன். பாதிக்கு மேல் ஒன்றும் இருக்காது. நின்று நின்று இன்னும் களைத்தேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் அவர் மௌஸை இடது கையில் பிடித்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொன்னேன்.

“அன்னைக்குக் கடையில அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நான் சொன்னது தப்பு. உங்களைத் தெரிஞ்சே அசிங்கப்படுத்திட்டேன்.”

மௌஸை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். ரொம்ப நேரம் பார்த்தார். என் கண்ணுக்குக் கீழே, என் கையை, மறுபடி கண்ணை. பிறகு இடது உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் காட்டினார். உள் அறையைக் கைகாட்டினார்.

“தூங்கவா? நானா? மணி மூணு. நாலு மணிக்கு உங்களுக்கு எக்சர்சைஸ் இருக்கு. துணி வேற ஊறுது.”

மறுபடி அதே சைகை. நான் எழுந்திருக்கவில்லை என்றதும், என் நாற்காலியின் கையைப் பிடித்து உள் அறைப் பக்கம் தள்ளப் பார்த்தார். நாற்காலி நகரவில்லை. நான்தான் எழுந்தேன்.

படுத்தபோது, வெளியே ஷீபாவின் குரல் கேட்டது. “டாடி, இது என்ன? சொல்லுங்க.” கொஞ்சம் இடைவெளி. பிறகு அவர் குரல். மறுபடி அவள் குரல். அவர் தனியாகவே செய்துகொண்டிருந்தார். எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று யோசித்தது நினைவிருக்கிறது.

விழித்தபோது அறையில் வெளிச்சம் மங்கியிருந்தது. வீட்டுக்கு அருகே தண்டவாளத்தில் எஞ்சின் ஒன்று ரயில் பெட்டிகளை முட்டிக்கொண்டிருந்தது. வெளியே மௌஸ் சத்தம் மட்டும், விட்டு விட்டு. பயிற்சி முடித்துக் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடுகிறார் என்று புரிந்தது.

எக்சர்சைஸ் நேரம் போய்விட்டது. துணி அப்படியே ஊறிக்கொண்டிருக்கும். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.